நெறிக்கட்டு சொல்லும் சேதி: வாய்ப்புற்று கழுத்துக்கு இறங்கும் வழி

நாக்கு நுனியை ஒரு துணியால் பிடித்து முன்னால் இழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்தால், கடைவாய்ப் பல்லை உரசிக்கொண்டிருக்கும் நாக்கின் பின் ஓரம் வெளிச்சத்துக்கு வரும். சும்மா 'ஆ' காட்டினால் தெரியாத இடம் அது. வாய்ப்புற்று அதிகம் தொடங்கும் இரண்டு இடங்களில் அது ஒன்று. மற்றது, வெற்றிலையையோ புகையிலையையோ ஒதுக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறமும், அதற்குக் கீழே ஈறும் கன்னமும் சேரும் பள்ளமும். இந்திய ஆண்களிடம் இன்று மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். டார்ச் அடித்தால் தெரியும், விரல் வைத்தால் தட்டுப்படும். அப்படியிருந்தும் பாதிக்கும் மேற்பட்டோர் முற்றிய பிறகே வருகிறார்கள். அதற்குள் பலருக்கு நோய் வாயிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருக்கும். இந்தப் புற்றில் ஆயுளைத் தீர்மானிப்பது வாயில் இருக்கும் புண்ணின் அகலத்தைவிட, கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டுதான். பரிசோதனை, அறுவை, கதிர்வீச்சு என அடுத்தடுத்து நடப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கழுத்தைச் சுற்றியே நடக்கிறது.

வாயின் உள்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. கூர்ப்பல் கிழித்த புண், சூடு பட்ட புண், சாதாரண வாய்ப்புண் எல்லாமே காரணம் விலகியதும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறாத புண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு அடிப்படை இதுதான். நடைமுறையில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்: மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸும் ஒரு ஜெல்லும் வாங்கி, அது தீர்ந்ததும் இன்னொரு ஜெல் என்று மாதக்கணக்கில் ஓடிவிடும். பல் மருத்துவர் கூர்ப்பல்லை ராவிவிட்டு அனுப்புவதில் தவறில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச்சொல்லிப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. புற்றுப்புண்ணின் விளிம்பு தடித்து உருண்டிருக்கும், அடிப்பகுதி விரலுக்குக் கெட்டியாகப் படும். ஆரம்பத்தில் வலிக்காது. வலி இல்லை என்பதாலேயே அலட்சியப்படுத்துகிறார்கள்.

புண்ணுக்கு முன்பே வரும் அடையாளங்களும் உண்டு. சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு. இரண்டில் சிவப்புதான் கூடுதல் ஆபத்து. பாக்கு மெல்பவர்களுக்கு வேறொன்றும் வரும்: கன்னம் உள்ளே வெளுத்து, நார் போல இறுகி, வாய் திறப்பு சுருங்கும். தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிவது இயல்பு. இவர்களுக்கு இரண்டுகூட நுழையாது, காரம் பட்டால் எரியும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கும் இந்தக் குணம் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. 'பாட்டி எண்பது வயது வரை வெற்றிலை போட்டாள்' என்ற வாதத்துக்கு இதில் இடமில்லை. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் அதுவும், உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலங்களும் பள்ளி வாசல்வரை கிடைப்பது தெரிந்த விஷயம்தான்.

வாயிலிருந்து வெளியேறுவது

உள்தோலுக்கு அடியில் மெல்லிய விரிப்பு போல ஒரு சவ்வு இருக்கிறது. புற்று அணுக்கள் அந்தச் சவ்வுக்கு மேலேயே இருக்கும்வரை எங்கும் போக முடியாது. திசுக்களில் கசியும் நீரை வடித்துக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய் அங்கே இல்லை. சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, பக்கத்து அணுக்களோடு பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு, கீழே இறங்கும்போதுதான் பரவல் தொடங்குகிறது. நாக்கு முழுக்கத் தசை, நிணநீர்க் குழாய்கள் அடர்ந்தது. பேசும்போதும் விழுங்கும்போதும் அந்தத் தசை சுருங்கி விரிந்து, பம்பு அடிப்பதுபோல் நிணநீரைக் கழுத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் நாக்குப் புற்றில் அகலத்தைவிட ஆழம் முக்கியம். ஆழம் 3, 4 மி.மீ. தாண்டினால் கழுத்துக்கு இறங்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது. உலகெங்கும் பயன்படுத்தும் நோய்நிலை அட்டவணையின் 2017-ல் வெளியான எட்டாவது பதிப்பு இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது: ஒன்றரை செ.மீ. அகலமே உள்ள புண், 5 மி.மீ.க்கு மேல் ஆழம் போயிருந்தால் மிகச் சிறிய கட்டிக்கான டி1 நிலை அல்ல, அதற்கடுத்த டி2.

கழுத்தின் நிணநீர்க்கணுக்களை (இவை வீங்குவதைத்தான் நெறிக்கட்டு என்கிறோம்) ஐந்து தளங்களாகப் பிரிப்பார்கள். முதல் தளம் தாடைக்கு அடியில். இரண்டாவது காதுக்குக் கீழே, தாடைக் கோணத்தை ஒட்டி. மூன்றாவது குரல்வளை மட்டத்தில். நான்காவது காறை எலும்புக்குச் சற்று மேலே. ஐந்தாவது கழுத்தின் பின்பக்க முக்கோணத்தில். கன்னத்துப் புற்று பெரும்பாலும் முதல் தளத்தில் இறங்கும். நாக்கின் ஓரத்திலிருந்து ஒன்று முதல் மூன்று வரை; சில சமயம் இடையில் எதையும் தொடாமல் நேரே நான்காவதுக்குத் தாவும். புண் நாக்கின் நடுக்கோட்டை நெருங்கினால் இரண்டு பக்கக் கழுத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்படி வழி தெரிந்திருப்பதால்தான் அறுவை நிபுணர் எந்தத் தளங்களை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடிகிறது.

அங்கிருந்து இன்னும் கீழே போனால், நிணநீர் கழுத்தின் அடியில் சிரைக்குள் கலந்து இதயத்துக்கும், அடுத்ததாக நுரையீரலுக்கும் போகிறது. அணுக்கள் சிக்கிக்கொள்ளும் முதல் சல்லடை நுரையீரல். வாய்ப்புற்று தொலைவில் பரவினால் பெரும்பாலும் முதலில் தென்படுவது அங்கேதான். ஆனால் சல்லடையில் சிக்கிய விதையெல்லாம் முளைப்பதில்லை. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-ல், மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, விதைக்கு ஏற்ற மண் இருந்தால்தான் முளைக்கும் என்று சொன்னது இன்றும் நிற்கிறது. வாய்ப்புற்றில் இறப்பவர்களில் பெரும்பாலோர் தொலைதூரப் பரவலால் இறப்பதில்லை. வாயிலும் கழுத்திலும் நோய் திரும்ப வந்து, விழுங்க முடியாமல், மூச்சுவழி அடைபட்டு, அல்லது கழுத்தின் பெரிய தமனி அரிக்கப்பட்டு இறக்கிறார்கள். ஆகவே கழுத்தில் நோயை அடக்கினால் பெரும்பாலும் ஆளைக் காப்பாற்றியது மாதிரி.

கை, ஊசி, சதைத் துண்டு

கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையைச் சற்று முன்னும் அதே பக்கமாகவும் சாய்க்கச் சொன்னால் தசை தளரும். விரல் நுனிகளைத் தாடை எலும்பின் உட்பக்கமாக உருட்டி, தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். சளி, பல்சொத்தையால் வரும் நெறிக்கட்டு வலிக்கும், மெத்தென்று நகரும். புற்றின் நெறிக்கட்டு கல்போல, பெரும்பாலும் வலியில்லாமல், முற்றினால் அடியோடு ஒட்டி அசையாமல் இருக்கும். நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றாலே காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். கட்டியிலிருந்து ஊசியால் அணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனை செய்யாமல் காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, ஆறு மாத மருந்துக் காலம் முடியும்வரை காத்திருந்து, பிறகு வாயைத் திறந்து பார்க்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. அந்த ஊசிப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

வாயில் உள்ள புண்ணுக்குத் தேவை, சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. இதைச் செய்வதில் சில நுணுக்கங்கள் உண்டு. மரத்துப்போகும் ஊசியைப் புண்ணுக்குள் குத்தாமல் சுற்றிலும் போட வேண்டும். உள்ளே குத்தினால் திசு உப்பி உருமாறும். துண்டை நடுவிலிருந்து எடுக்கக் கூடாது, அங்கே அழுகிய திசுதான் இருக்கும், 'நோய் தெரியவில்லை' என்று அறிக்கை வரும். ஓரத்திலிருந்து, நல்ல தோலும் கொஞ்சம் சேர்ந்து வரும்படி, போதிய ஆழத்தோடு எடுக்க வேண்டும். துண்டைப் போல் பத்து மடங்கு அளவு திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட வேண்டும். சலைன் பாட்டிலில் போட்டு அனுப்பினால் திசு கெட்டுவிடும். சின்னப் புண்தானே என்று முழுவதையும் வெட்டி அனுப்புவது இன்னொரு பிழை: பிறகு அறுவை செய்ய வருபவருக்கு நோய் எங்கே இருந்தது, எவ்வளவு சுற்றளவு எடுப்பது என்பதற்கான தடயமே இருக்காது. கழுத்துக் கட்டியையும் கத்தியால் திறந்து எடுக்கக் கூடாது, ஊசிதான் முதலில். திறந்தால் தசைத் தளங்கள் ஒட்டிக்கொண்டு பின்னால் வரும் பெரிய அறுவை சிக்கலாகும்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற நம்பிக்கை இங்கேதான் குறுக்கே வரும். முறையாக எடுக்கும் வாய் பயாப்ஸியால் நோய் பரவுவதில்லை. நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்தால் புரிகிறது: கடைசி நேரத்தில் வந்தவர்களுக்குச் சதை எடுத்தார்கள், அவர்கள் சீக்கிரம் போனார்கள், ஊர் பழியைக் கத்தி மேல் போட்டது.

படம் எடுப்பதில், கன்னத்துக்கும் தாடைக்கும் சி.டி., நாக்குக்கு எம்.ஆர்.ஐ. கன்னத்துப் புற்றுக்கு சி.டி. எடுக்கும்போது காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஈறும் கன்னமும் ஒட்டிக்கொண்டு, நோய் எதிலிருந்து கிளம்பியது என்று படத்தில் பிரியாது. உடல் முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. சிறிய புண்ணுக்குக் கையிருப்பை அதில் கரைத்துவிட்டு அறுவைக்குப் பணமில்லாமல் நிற்பது மோசமான கணக்கு.

தெரியாத கழுத்தை அறுப்பதா

கழுத்தில் கைக்கும் படத்துக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போதும் கழுத்தை அறுக்க வேண்டுமா? பல பத்தாண்டுகளாக இது தீராத வழக்கு. 1906-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஜார்ஜ் கிரைல் வகுத்த அறுவையில் நிணநீர்க்கணுக்களோடு கழுத்தின் பெரிய தசை, உட்புறச் சிரை, தோளைத் தூக்கும் நரம்பு எல்லாமே போய்விடும். தோள் தொங்கிப்போகும், கை மேலே எழும்பாது. 1960-களில் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், கணுக்கள் கொழுப்போடு ஓர் உறைக்குள் இருப்பதைக் காட்டி, அந்த உறையை மட்டும் உரித்தெடுத்தால் போதும் என்றார். இப்போது ஆரம்ப நிலையில் ஒன்று முதல் மூன்று, தேவைப்பட்டால் நான்கு தளங்களை மட்டும் எடுத்து, மற்றவற்றைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

வழக்கைத் தீர்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. ஆரம்ப நிலை வாய்ப்புற்று உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாயோடு சேர்த்துக் கழுத்தையும் முதலிலேயே அறுத்தார்கள். மற்ற பிரிவுக்கு வாயை மட்டும் முடித்துவிட்டு, கழுத்தில் கட்டி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். 2015-ல் வெளியான, 500 பேரைக் கொண்ட கணக்கில், மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒன்றுமில்லை என்று நினைத்த கழுத்துகளில் சுமார் 30 சதவீதத்தில் நோய் இருந்தது. 2 மி.மீ. அளவுக் கணு நோயை எந்த ஸ்கேனும் காட்டாது. கைக்குத் தட்டுப்படும் அளவு வளர்வதற்குள் அது கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கும். உறை கிழிந்த நோய்க்கு மருத்துவத்தின் கை அவ்வளவு ஓங்குவதில்லை.

வாயில் புண்ணைச் சுற்றி எல்லாப் பக்கமும், ஆழத்திலும், கைக்குத் தெரியும் எல்லையிலிருந்து 1 செ.மீ. நல்ல திசுவைச் சேர்த்து எடுப்பார்கள். வெட்டியதும் தசை சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். நோய்க்கூறு நிபுணரின் மேசைக்குப் போகும்போது 5 மி.மீ.க்கு மேல் தெளிந்த ஓரம் இருந்தால் போதுமானது. கழுத்திலிருந்து 18 கணுக்களாவது கிடைத்திருந்தால்தான் அறுவை முழுமையாக நடந்தது என்று கொள்ளலாம். அறிக்கையைக் கையில் வாங்குபவர் பார்க்க வேண்டிய எண்கள்: புண்ணின் ஆழம், ஓரத்தின் தூரம், கணுக்கள் மொத்தம் எத்தனை, நோய் இருந்தவை எத்தனை, உறை கிழிந்திருக்கிறதா. இந்த ஐந்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

பெரிய பள்ளத்தை மூட முன்கைத் தோலையோ, தாடைக்குக் காலின் மெல்லிய எலும்பையோ இரத்தக்குழாயோடு எடுத்துவந்து பொருத்துவார்கள். 2, 3 மி.மீ. பருமனுள்ள குழாய்களை நுண்ணோக்கியில் முடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். முதல் மூன்று நாள்தான் கண்டம். ஒட்டிய சதை வெளிறினால் தமனியில் அடைப்பு; ஊதா நிறமாகி உப்பினால் சிரையில் அடைப்பு. செவிலியர் மணிக்கொரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்குத்தான். சில மணி நேரத்துக்குள் திரும்ப அறுவை அரங்கத்துக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம். விடியட்டும் என்றால் சதை போய்விடும்.

கரண்ட் வைக்கும் ஆறு வாரம்

கணுவில் நோய் இருந்தாலோ, புண் பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தாலோ, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்தாலோ அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படும். பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது'. வழக்கமான அளவு 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), நாளைக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குள் பற்களைப் பார்த்து, சொத்தையானவற்றைப் பிடுங்கி, ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பே செத்து வெளியே வரும் ஆபத்து உண்டு. பல ஆண்டு கழித்தும் அந்த ஆபத்து போகாது. 'கழுத்தில் கரண்ட் வைத்திருக்கிறேன்' என்பதை எந்தப் பல் மருத்துவரிடமும் முதலில் சொல்ல வேண்டும்.

தலை அசையாமலிருக்க, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்கால் முகத்துக்கு அச்செடுத்தது போல ஒரு முகமூடி செய்வார்கள். மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண் வெடிக்கும், எச்சில் கெட்டியாகும், சாப்பாடு இறங்காது. எடை குறைந்து முகம் ஒட்டினால் முகமூடி தளர்ந்துவிடும். மில்லிமீட்டர் கணக்கில் குறிவைத்த கதிர் இடம் மாறும். எனவே உணவு செலுத்தும் மூக்குக் குழாய் வேண்டாம் என்று அடம்பிடிப்பது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. இடையில் நாள் விடுவதும் அப்படியே. சில வாரக் கதிருக்குப் பின் மிஞ்சியிருக்கும் புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். விட்ட ஒவ்வொரு நாளும் அவற்றுக்குக் கொடுத்த அவகாசம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போக நேர்ந்தால் முன்பே சொல்லிவிட்டால், சனிக்கிழமை வைத்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்டுவார்கள்.

ஓரத்தில் நோய் மிஞ்சியிருந்தாலும் கணுவின் உறை கிழிந்திருந்தாலும் கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 100 மி.கி. என்று மூன்று வாரத்துக்கொரு முறை, அல்லது 40 மி.கி. என்று வாராவாரம். வாரத்துக்கு 30 மி.கி. போதும் என்ற பழக்கம் பல இடங்களில் இருந்தது; டாடா மருத்துவமனை அதை 100 மி.கி.யோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டில் நோய் அடங்கியிருந்தது 30 மி.கி. பிரிவில் 58.5 சதவீதம், 100 மி.கி. பிரிவில் 73.1 சதவீதம். குறைந்த அளவு குறைந்த பலனைத்தான் தந்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் தாராளமாகச் சலைன் ஓட வேண்டும். காதில் இரைச்சல் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறுவைக்கும் கதிருக்கும் அடங்காமல் திரும்பியவர்களுக்கும், தொலைவில் பரவியவர்களுக்கும் நோயைக் கட்டுக்குள் வைப்பதுதான் இலக்கு. மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுக்கும் முறை மும்பையிலிருந்து வந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பும் நிவோலுமாப், முழு அளவில் போட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மி.கி.யை மூன்று வாரத்துக்கொரு முறை அந்த மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர். காசில்லாத நாட்டின் கட்டாயத்தில் பிறந்த கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதற்குக் கேரளத்தில் சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்து, ஏழில் 1996 முதல், பயிற்சி பெற்ற பட்டதாரிகள், மருத்துவர்களல்லர், வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மற்ற ஆறு ஊராட்சிகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது.

சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள்தான். முதல் ஆண்டில் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை வந்து வாயையும் கழுத்தின் இரு பக்கத்தையும் காட்ட வேண்டும். கதிர் கழுத்தில் பட்டிருப்பதால் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை தைராய்டு பரிசோதனையும் தேவை. வீட்டில் செய்ய வேண்டியது வாய் திறக்கும் பயிற்சி. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் நுழைத்து, அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டு எடுக்க வேண்டும், நாளுக்குப் பல தடவை. ஒரு குச்சி சுமார் 2 மி.மீ.; வலி பழகியதும் இன்னொன்றைச் செருகலாம். 35 மி.மீ.க்குக் குறையாமல் காப்பாற்றிக்கொண்டால் கவளம் நுழையும், பல் துலக்கலாம், அடுத்த முறை மருத்துவர் டார்ச் அடிக்கும்போது உள்ளேயும் தெரியும்.